பசுவை எங்கே விட்டீர்கள்?

மனுநீதிச் சோழன் கதையைத் தொடராக எடுத்து ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிறுவனத்தாருக்கும், திரைக்கதை வசனம் எழுதியவர்களுக்கும், இயக்குநருக்கும்,

வணக்கம்.

நான் திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இருபத்திரண்டு வருஷமாக ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். உங்கள் தொடர் போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை முடிந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் இல்லாததால் உட்கார்ந்து இந்த மடலை எழுத ஆரம்பித்தேன். ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. ஒரு வாரம் ஆகிவிட்டது.

நாங்கள் எப்படிக் காத்திருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் புரோமோ வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் இதே பேச்சுதான். "நம்ம ஊர்க் கதைய டிவியில போடப் போறாங்களாம்" என்று கடைத்தெருவில் என்னை நிறுத்திச் சொன்னார்கள். முதல் பகுதி அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினேழு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மா பாய் விரித்து, சுண்டல் தாளித்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விடுமோ என்று பக்கத்து வீட்டு அண்ணன் தன் இன்வெர்ட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தார். நாதஸ்வரத்தோடு தலைப்பு வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னக் குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். உங்கள் திருவாரூருக்குப் பின்னால் மலை தெரிகிறது. எங்கள் ஊரில் எந்தத் திசையில் திரும்பினாலும் வயல்தான். மலைக்கு நாங்கள் எங்கே போவது? கோயில் கட்டிய கருங்கல் ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. பாறை இல்லாத மண்ணில் இத்தனை கல்லை நிறுத்தினார்கள் என்பதுதான் எங்கள் ஊர்ப் பெருமை. அப்புறம், 'காவிரிக் கரை, திருவாரூர்' என்று எழுத்துப் போட்டு, பாறையில் மோதி ஓடும் ஆற்றைக் காட்டினீர்கள். எங்கள் ஊர் வழியாக ஓடுவது ஓடம்போக்கி. காவிரித் தண்ணீர்தான், ஆனால் கிளை பிரிந்து, களைத்து, மெதுவாக வருகிற தண்ணீர். அரண்மனைத் தூண்கள், இளவரசர் போட்டிருந்த சட்டை, அரசியின் முக்காடு எதுவுமே இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. போகட்டும். செட் போட எவ்வளவு செலவாகும் என்று எனக்குத் தெரியாது. இருந்த செட்டை வைத்து எடுத்திருப்பீர்கள். ராஜாவாக நடித்தவர் நல்ல நடிகர். முதல் வாரத்தில், சபையில் தனியாக உட்கார்ந்து மகன் குழந்தையாக இருந்ததை நினைத்துக்கொள்வாரே, அந்தக் காட்சியில் என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் வருத்தம் கதையைப் பற்றியது.

கதையை மாற்றக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. இது மாறி மாறி வந்த கதைதான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன்னால் நின்று தன் ஊரைச் சொல்லும்போது இந்தக் கதையைச் சொல்கிறாள். அங்கே ஊர் புகார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடியபோது அது திருவாரூராக ஆகிவிட்டது. இலங்கையின் மகாவம்சத்தில் இதே கதை அனுராதபுரத்தில் நடக்கிறது, ராஜா எல்லாளன். சேக்கிழாரிடம் கடைசியில் இறைவன் வந்து எல்லோரையும் உயிர்ப்பிக்கிறார். மற்ற இரண்டிலும் போன உயிர் போனதுதான். கண்ணகி ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற கதையில் அமைச்சரே கிடையாது. சேக்கிழாரிடம் அமைச்சருக்குப் பெரிய இடம். ஊர் மாறியிருக்கிறது, ராஜா பெயர் மாறியிருக்கிறது, முடிவும் மாறியிருக்கிறது.

ஆனால் இத்தனை நூற்றாண்டில் யாரும் கைவைக்காதவை இரண்டு உண்டு. ஒன்று, பசு வந்து மணி அடிக்கும். இன்னொன்று, கதையில் கெட்டவன் ஒருவனும் கிடையாது. நீங்கள் கைவைத்தது அந்த இரண்டில்தான்.

பசுவைப் பற்றிப் பேசுகிறேன். ஆறு மாதத்துக்கு மேல், வாரத்தில் ஐந்து நாள் ஓடிய தொடர். அதில் பசு வந்தது நான்கே நாள். என் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தான். அந்த நான்கு நாளிலும் முகத்தை முழுசாகக் காட்டவில்லை. மணிக்கயிறு ஆடுகிறது, சபையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள், அரசி திரும்புகிறார், மந்திரி திரும்புகிறார், மறுபடி அரசி திரும்புகிறார். அடித்தவளை நாங்கள் பார்க்கவே இல்லை. கடைசியில் தூரத்திலிருந்து ஒரு காட்சி வந்தது. கறுப்பு வெள்ளைத் திட்டுப்போட்ட கலப்பின மாடு. காதில் மஞ்சள் வில்லை. "டீச்சர், அது சொசைட்டிக்குப் பால் ஊத்துற மாடு" என்று ஒரு பெண் குழந்தை சொன்னது.

எங்கள் பக்கத்து மாடு எது என்று யாரிடமாவது கேட்டிருந்தால் உம்பளச்சேரி என்று சொல்லியிருப்பார்கள். இந்தத் திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் சொந்த மாடு. காலும் உடம்பும் குட்டையாக இருக்கும். வயல் சேற்றில் முழங்கால் வரை இறங்கி உழும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலடியில் வெள்ளை. காளைகளின் கொம்பைத் தீய்த்துவிடுகிற வழக்கம் இருப்பதால் மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். கன்று பிறக்கும்போது செவலை நிறத்தில் இருக்கும். ஏழெட்டு மாதம் போனதும் அந்தச் சிவப்பு கரைந்து சாம்பல் நிறம் வந்துவிடும். ஆகவே தெருவில் துள்ளி ஓடி, தேர்க்காலில் மாட்டிய அந்த இளங்கன்றை நினைத்தால் எங்களுக்குச் செவலை நிறம்தான் கண்ணில் வரும். உங்கள் கிராபிக்ஸ் கன்று வெள்ளை வெளேரென்று இருந்தது. அது ஓடியபோது தரையில் புழுதிகூடக் கிளம்பவில்லை.

எங்கள் வீட்டிலும் உம்பளச்சேரிதான். லட்சுமி என்று பெயர். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்கு முன் கஜா புயல் கரை கடந்ததே, அந்த ராத்திரி எங்கள் மாட்டுக்கொட்டகை சரிந்தது. அப்போது லட்சுமி கன்று போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. விடிந்து ஓலையையும் மூங்கிலையும் நீக்கிப் பார்த்தபோது கன்று அடியில் கிடந்தது. தாய்க்கு ஒரு கீறல் இல்லை. அதற்கு அப்புறம் மூன்று நாள் அவள் தண்ணீர் குடிக்கவில்லை. கன்று கிடந்த இடத்தை மோந்து பார்ப்பாள், தலையைத் தூக்கி ஒரு தடவை கத்துவாள், மறுபடி மோந்து பார்ப்பாள். மடி கட்டிக்கொண்டது. கையை வைத்தால் உதறினாள். கண்ணின் ஓரத்திலிருந்து கீழே வரைக்கும் ஈரம் ஒரு கோடாகக் காய்ந்து, அதன்மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மாடு அழுமா என்று கேட்பவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கன்று செத்தால் அதன் தோலை உரித்து வைக்கோல் அடைத்து, தாய் முன்னால் நிறுத்துகிற வழக்கம் ஒன்று உண்டு. தாய் அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். அப்படிச் செய்யலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ளைய பறிகொடுத்தவகிட்ட பொம்மைய காட்டி ஏமாத்தறதா?" என்று கேட்டார். நாலாம் நாள் லட்சுமி தானாகத் தண்ணீர் குடித்தாள். பால் வற்றிப்போயிருந்தது.

சிலப்பதிகாரத்தில் இந்த இடத்தை நான் படிக்கும்போதெல்லாம் லட்சுமியின் முகம்தான் வரும். வாயிலில் தொங்குகிற மணிக்கும் கடைமணி என்றுதான் பெயர். பசுவின் கண்ணோரத்தையும் கடைமணி என்றே இளங்கோவடிகள் சொல்கிறார். அந்தக் கடைமணி நடுங்குகிறது, இந்தக் கடைமணியிலிருந்து வழிகிற நீர் ராஜாவின் நெஞ்சைச் சுடுகிறது. இரண்டே வரியில் மணியையும் கண்ணையும் ஒன்றாக்கி வைத்துவிட்டார். அவரிடம் கேமரா இல்லை. உங்களிடம் இருந்தது. ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷம், அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கலாமே?

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் என்னைத் தூங்க விடாதது.

உங்கள் கதையில் மந்திரி கெட்டவர். பட்டத்தைத் தன் தங்கை மகனுக்கு வாங்கித் தர அவர் சதி செய்கிறார். தேர்க்குதிரைக்கு மருந்து கொடுக்கிறார். கன்றை அவிழ்த்துத் தெருவில் விட ஆள் வைக்கிறார். கடைசி வாரத்தில் உண்மை வெளியே வருகிறது. கன்று சாகவே இல்லையாம், மயக்க மருந்தில் கிடந்ததாம். இளவரசர் மேல் தேர் ஏறுவதற்கு ஒரு விரல் அளவு இருக்கும்போது கன்று எழுந்து ஓடி வருகிறது. மந்திரியைச் சங்கிலி போட்டு இழுத்துப் போகிறார்கள். சுபம்.

ஐயா, அம்மா, அந்த அமைச்சர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

சேக்கிழார் சொல்கிறபடி பார்ப்போம். இளவரசன் தேரில் போகிறான். யார் கண்ணிலும் படாமல் ஒரு கன்று துள்ளி வந்து சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போகிறது. அவன் இறங்கி ஓடிவந்து பார்க்கிறான், துடிக்கிறான், அப்பா காதுக்குப் போகும் முன்னால் இதற்குப் பரிகாரம் உண்டா என்று கேட்கப் போகிறான். அந்த வயசில் எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். அதற்குள் பசு அரண்மனை வாசலுக்குப் போய்க் கொம்பால் மணியை அடித்துவிடுகிறது. ராஜா எழுந்து வருகிறார். நடந்ததை ஒரு வயதான அமைச்சர் சொல்கிறார். மந்திரிகள் எல்லோரும் பரிகாரம் செய்தால் போதும் என்கிறார்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. ராஜாவின் ஒரே பிள்ளையாயிற்றே என்ற தவிப்பு. ராஜா கேட்கிறார்: அந்தப் பரிகாரம் இந்தப் பசுவின் துயரத்துக்கு மருந்தாகுமா? வேறு ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் பரிகாரமா? அந்தப் பசு படுகிற பாட்டை நானும் படுவதுதான் முறை என்கிறார். மகன் மேல் தேரை ஏற்றச் சொல்லி ஓர் அமைச்சருக்கு உத்தரவு போடுகிறார்.

அந்த அமைச்சர் என்ன செய்தார்? ராஜாவின் சொல்லைத் தட்டவும் முடியாது, ஒரு பிள்ளையைக் கொல்லவும் கை வராது. தன் உயிரை விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் ராஜா தானே தேரில் ஏறினார்.

எங்கள் திருவாரூர்க் கோயிலில் விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இந்தக் கதையைச் சொல்கிறது. அதில் அந்த அமைச்சருக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது: பாலையூர் உடையான் உபயகுலாமலன். பசுவுக்காக மகனை இழக்கத் துணிந்த ராஜாவை நினைவு வைத்தவர்கள், அந்தப் பிள்ளைக்காகத் தன்னை இழந்த மனிதரையும் பெயரோடு கல்லில் வெட்டி வைத்தார்கள். அவரைத்தான் நீங்கள் குதிரைக்கு மருந்து வைத்தவராகக் காட்டினீர்கள். இவ்வளவு பெரிய பழியை அவர்மேல் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை எங்கள் கோயிலுக்கு வந்திருக்கக் கூடாதா? தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா என்பது எனக்குப் புரியவில்லை. தெரியாமல்தான் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வில்லன் இல்லாமல் ஆறு மாதம் ஒரு தொடரை ஓட்ட முடியாது என்று சொல்வீர்கள். உங்கள் தொழில் கஷ்டம் எனக்குத் தெரியாது. ஆனால் பெரியபுராணத்தில் இந்த ராஜா மந்திரிகளுக்குச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. நாட்டைக் காக்கிற ஒருவன் உயிர்களுக்கு ஐந்து வகை பயம் வராமல் காக்க வேண்டும் என்கிறார். பகைவரால் வருவது, கள்வரால் வருவது, மற்ற உயிர்களால் வருவது. இவை யாருக்கும் தெரிந்தவை. இவற்றுக்கு முன்னால் இரண்டைச் சொல்கிறார்: தன்னால் வருவது, தன் பரிசனத்தால், அதாவது தன்னைச் சேர்ந்தவர்களால் வருவது. 'தன்னால்' என்பதுதான் முதல் சொல். வகுப்பில் இதைச் சொல்லும்போது நான் கரும்பலகையில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி வைப்பேன்.

நீங்கள் செய்தது, ஐந்தில் அந்த முதல் சொல்லை அழித்துவிட்டு மற்றதை வைத்துக் கதை பண்ணியது. சதிகாரன் ஒருவன் வந்துவிட்டால் ராஜா தன் வீட்டுக்குள் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளை மேல் தப்பு இல்லை, தேர் மேல் தப்பு இல்லை, அந்தத் தெருவில் அவ்வளவு வேகமாகப் போனது மேல் தப்பு இல்லை. எல்லாத் தப்பையும் ஒருவன் தலையில் கட்டிச் சங்கிலி போட்டு இழுத்துப் போனால் முடிந்தது. நல்ல பிள்ளையின் கையால், யாரும் நினைக்காமல், ஓர் உயிர் போய்விட்டது. இப்போது என்ன செய்வது? அந்தக் கேள்விக்காகத்தானே இந்தக் கதை இவ்வளவு காலம் உயிரோடு இருந்தது? எங்கள் ஊர் ரோட்டில் மாதத்துக்கு ஒரு விபத்து நடக்கிறது. வண்டி ஓட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்லவர்கள்தான். அவர்கள் வீட்டில் அன்றைக்கு ராத்திரி என்ன பேசிக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஆறு மாதத்துக்கும் அதில் கதை இருந்திருக்கும்.

எல்லாளன் பெயரைச் சொன்னேனே, அதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகாவம்சம் எல்லாளனின் பக்கத்தில் நின்று எழுதப்பட்ட நூல் இல்லை. அவனை வென்ற துட்டகைமுனுவைக் கொண்டாடுகிற நூல். அதில்கூட எல்லாளனின் படுக்கையருகே கட்டியிருந்த மணியையும், கன்றை இழந்த பசு வந்து அதை அடித்ததையும், அதே சக்கரத்தால் அவன் தன் மகனைத் தண்டித்ததையும் மறைக்காமல் எழுதினார்கள். போரில் எல்லாளன் விழுந்த இடத்தில் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பி, அந்தப் பக்கம் போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று வைத்தான். தோற்கடித்தவனே எல்லாளனுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறான்.

சக்கரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா எங்கள் கோயில் ஆழித்தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர். அப்பர் பாடிய அந்தத் தேர் அலங்காரம் முடிந்து நிற்கும்போது 96 அடி, எடை சுமார் 300 டன். இப்போது இரும்புச் சக்கரம், பிரேக் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் மூலை திருப்பவும், நிறுத்தவும் கட்டை போடுகிறவர்கள் வேண்டும். உருளுகிற சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துவிட்டு, கை நசுங்கும் முன் இழுத்துக்கொள்ள வேண்டும். கட்டையில் சக்கரம் ஏறும்போது ஒரு முனகல் வரும். மரம் தேய்ந்து புகையும். எரிந்த மரத்தின் வாசனை அப்பாவின் வேட்டியில் இரண்டு நாளைக்கு இருக்கும். தேர் முடிந்து வீட்டுக்கு வந்தால், கை நடுக்கம் நிற்கும் வரைக்கும் சோற்றுத் தட்டைத் தொடமாட்டார். "சக்கரத்துக்கு ராஜா பிள்ளை, ஏழை பிள்ளை தெரியாது" என்பார்.

அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். உங்கள் கடைசிப் பகுதியில் சக்கரம் வந்தது. மெதுவாக வந்தது, விளம்பரம் வந்தது, மறுபடி மெதுவாக வந்தது. பின்னால் இடி மாதிரி இசை. அதில் கனம் இல்லை. அட்டைச் சக்கரம் என்பதால் சொல்லவில்லை. எங்கள் பள்ளியிலும் அட்டைச் சக்கரம்தான். கன்று சாகவில்லை, பிள்ளை சாகப் போவதில்லை என்பது எடுத்தவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் வந்த கனமின்மை அது. சேக்கிழாரிலும் கடைசியில் எல்லோரும் பிழைக்கிறார்கள்தான். கன்று எழுகிறது, பிள்ளை எழுகிறான், அந்த அமைச்சரும் எழுகிறார். ஆனால் அது தேர் ஏறிய பிறகு. ராஜா முழுசாக இழந்த பிறகு. திரும்பிக் கிடைக்கும் என்று தெரிந்து அவர் தேரைச் செலுத்தவில்லை.

இசையைச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஐந்து முகம் வைத்த முழவம் எங்கள் கோயிலில் இருக்கிறது. பாரி நாயனம் என்ற நாதஸ்வரம் இருக்கிறது. தியாகராஜரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரிகளும் பிறந்த ஊர் இது. ஒரே ஒரு காட்சிக்கு அந்த முழவத்தின் சத்தத்தை வைத்திருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்து நின்றிருப்பார்கள்.

கடைசிப் பகுதி முடிந்ததும் கூடத்தில் யாரும் பேசவில்லை. முதல் நாள் பதினேழு பேர், கடைசி நாள் ஆறு பேர். டிவியை அணைத்தேன். மாடு சொசைட்டி மாடு என்று சொன்ன அதே பெண் குழந்தை கேட்டது: "கன்னுக்குட்டி சாகலைன்னா மாடு எதுக்கு டீச்சர் மணி அடிச்சுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். அவளிடம் படித்துக் காட்டுகிறேன்.

அடுத்ததாக முசுகுந்தச் சக்கரவர்த்தி கதையை எடுக்கப் போவதாகக் கடைசியில் போட்டீர்கள். அதுவும் எங்கள் ஊர்க் கதை. குரங்கு முகம் வாங்கிக்கொண்ட ராஜா, இந்திரன் ஒரே மாதிரி ஏழு விடங்கரை, அதாவது சிவனின் திருவுருவங்களை, முன்னால் வைத்தபோது உண்மையானவரைக் கண்டுபிடித்து, ஏழு பேரையும் கொண்டுவந்த கதை. திருவாரூர், திருநள்ளாறு, நாகை, திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம் என்று ஏழு ஊரும் இந்தக் கடைமடையில்தான் இருக்கின்றன. காலையில் கிளம்பினால் காரில் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நான் கேட்பது இவ்வளவுதான். எழுதத் தொடங்கும் முன்னால் வாருங்கள். பத்து நாள் தங்குங்கள்.

எங்கள் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். நீங்கள் எடுக்கப் போகிற அதே கதையை முந்நூறு வருஷத்துக்கு முன் ஓவியத் தொடராக வரைந்து வைத்திருக்கிறார்கள். கட்டம் கட்டமாகப் படம், ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் விளக்கம். ஊர்வலம், குடை, ஆட்டக்காரர்கள், வாத்தியங்கள், வாணவேடிக்கைகூட இருக்கிறது. வரைந்த சிங்காதனம் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். சில இடங்களில் நிறம் போய்விட்டது. இருப்பதே உங்களுக்கு நிறைய. பிறகு கோயில் மதிலுக்கு வெளியே வடகிழக்குப் பக்கம் கல்தேரைப் பாருங்கள். சக்கரத்தின் கீழே பிள்ளை, பக்கத்தில் பசுவும் கன்றும். முடிந்த தொடரை இனி மாற்ற முடியாது, எனக்குத் தெரியும். மறு ஒளிபரப்பு செய்தால், முதலில் ஒரு வரி எழுத்துப் போடுங்கள்: அமைச்சர் பற்றிய பகுதி எங்கள் கற்பனை என்று. உபயகுலாமலனுக்கு அதையாவது செய்யுங்கள்.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் இந்த வருஷம் மனுநீதிச் சோழன் நாடகம்தான். உங்கள் தொடர் ஆரம்பிக்கும் முன்பே முடிவு பண்ணியது. ராஜாவாக வர நாலு பையன்கள் போட்டி. அமைச்சராக வருகிறவன் சாகிற காட்சியை மூன்று விதமாக நடித்துக் காட்டினான். பசு வேஷம் அந்தப் பெண் குழந்தைக்கு, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மணிக்கு எங்கள் பள்ளி மணிதான், வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. நேற்று மத்தியானம் என்னிடம் வந்து, "டீச்சர், கொம்பால அடிக்கணுமா, நெத்தியால அடிக்கணுமா?" என்று கேட்டாள். சேக்கிழார் கொம்பால் என்கிறார். ஆனால் தலையை எப்படித் திருப்பி அடிக்கும் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பள்ளி விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். லட்சுமிக்கு இப்போது வயசாகிவிட்டது, அவளுடைய பேத்திக் கன்று பக்கத்தில் கட்டியிருக்கிறது, இன்னும் செவலை மாறவில்லை. பையைக்கூடக் கழற்றாமல் அந்தப் பிள்ளை கொட்டகை வாசலில் நின்று, லட்சுமி தலையை எப்படித் திருப்புகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இருட்டின பிறகு அம்மாதான் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து ஆசிரியை ஒருத்தி